ஒரு மில்லிமீட்டர் குத்தகை

சித்திரை முழுநிலவு அன்று மட்டும்தான் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் போக அனுமதி உண்டு. குமுளி வழியாக ஜீப்பில் போய்விடலாம். ஆனால் கூடலூர்க்காரர்களுக்குப் பளியன்குடியிலிருந்து ஏறுகிற காட்டுப்பாதைதான் சரிப்படும். ஆறரை கிலோமீட்டர் ஏற்றம். இரண்டு வருடம் முன்பு சித்தப்பாவோடு ஏறினேன். பாதி வழியில் நான் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். "கம்ப்யூட்டர் முன்னாடியே ஒக்காந்து ஒக்காந்து காலு மறந்துபோச்சாடா?" என்று கேட்டுவிட்டு அறுபது வயதுக்காரர் முன்னால் போய்க்கொண்டே இருந்தார்.

கோயிலைப் பார்த்துவிட்டு வடக்கு விளிம்புக்கு வந்தோம். கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் திறந்து கிடந்தது. இடப்பக்கம் ஏலமலை ஒரே சுவராக நின்றது. வலப்பக்கம் மேகமலைத் தொடர். நடுவே தென்னந்தோப்பு, திராட்சைப் பந்தல், அறுத்து முடித்த வயல். கூடலூர் ஒரு கை அகலத்தில் தெரிந்தது, அதைத் தாண்டிக் கம்பம், அதற்கப்புறம் வெயிலில் கரைந்து போகிற வெறும் வெளிச்சம். திரும்பித் தெற்கே பார்த்தால் பெரியாறு காடு, மடிப்பு மடிப்பாக, ஒரு வீடுகூட இல்லாமல்.

வியப்பு என்று சொல்வதைவிட எனக்கு அப்போது வெட்கம்தான் வந்தது. இதன் அடியில் பிறந்து வளர்ந்தவன் நான். பள்ளிக்கூடத்து ஜன்னலிலிருந்து தினமும் பார்த்த மலை. சின்ன வயதில் ஒருமுறை, "இந்த மலை எப்படித் தாத்தா வந்துச்சு?" என்று கேட்டிருக்கிறேன். அவர் வாய்க்கால் மடையில் மண்ணை இழுத்துக்கொண்டே, "மலை எங்கடா போகப்போகுது, அது அங்கதான் கெடக்கும். தண்ணி வருதான்னு பாரு" என்றார். அத்தோடு அந்தக் கேள்வியை நானும் விட்டுவிட்டேன். மறுபடி அதைக் கேட்க நான் அமெரிக்கா வரை போக வேண்டியிருந்தது.

*

ஆன்சைட் வேலைக்காகச் சில மாதங்கள் அமெரிக்காவில் இருந்தபோது ஒரு நீண்ட வார இறுதியில் நண்பர்களோடு கிராண்ட் கேன்யன் போனேன். 446 கிலோமீட்டர் நீளம், ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் ஆழம், அகலமான இடத்தில் 29 கிலோமீட்டர் என்று எண்களை முன்பே படித்து வைத்திருந்தேன். விளிம்பில் போய் நின்றதும் எந்த எண்ணும் உதவவில்லை. கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. அடியில் கொலராடோ ஆறு ஒரு நூல்போலக் கிடந்தது. கூட வந்தவர்கள் போன் எடுக்கக்கூட மறந்து நின்றார்கள்.

அங்கே தென் விளிம்பை ஒட்டி 'டிரெயில் ஆஃப் டைம்' என்று ஒரு நடைபாதை உண்டு. ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் ஆண்டு என்று கணக்கு. மீட்டருக்கு ஒரு பித்தளைக் குறி தரையில் பதித்திருக்கிறார்கள். பள்ளத்தாக்கிலிருந்து எடுத்து வந்த பாறைகளை அவற்றின் வயதுக்கு நேரான இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விளிம்பின் மேலடுக்குச் சுண்ணாம்புக்கல்லுக்கு ஏறத்தாழ 27 கோடி வயது. 270 மீட்டர் நடந்தால் போதும். அடியில் கிடக்கும் பாறைக்கு 170 கோடிக்கும் மேல். அதற்கு ஒன்றே முக்கால் கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஆறு இந்தப் பள்ளத்தைப் பெரும்பாலும் வெட்டி முடித்தது கடந்த ஐம்பது அறுபது லட்சம் ஆண்டுகளில் என்பது பரவலான கணிப்பு. அது வெறும் ஆறு எட்டு.

அந்தக் கணக்கில் நான் பிறந்ததிலிருந்து இன்றுவரை எவ்வளவு? ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு. சிலப்பதிகாரம் எழுதப்பட்ட காலம் இரண்டு மில்லிமீட்டருக்குள் வந்துவிடும். மனிதன் விதைக்கக் கற்றுக்கொண்டது ஒரு சென்டிமீட்டர் சொச்சம். நான் குனிந்து அந்தப் பித்தளைக் குறியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கூட வந்த நண்பன் கேட்டான்: "உங்க ஊர்ப் பக்கமும் பெரிய பள்ளத்தாக்குன்னு சொல்வியே, அது எத்தனை வயசு?"

எனக்குத் தெரியவில்லை. மலை அங்கேதான் கிடக்கும் என்பதற்கு மேல் எதுவும் தெரியவில்லை.

*

ஊருக்குத் திரும்பிய பிறகு தேடிப் படித்தேன். முதலில் புரிந்தது, கிராண்ட் கேன்யனை வாசிப்பதுபோல நம் மலையை வாசிக்க முடியாது என்பது. அங்கே பாறை அடுக்கடுக்காக இருக்கிறது. கடல் வந்தது, மணல் படிந்தது, கடல் போனது என்று பக்கம் பக்கமாகப் புரட்டலாம். இங்கே பக்கமே கிடையாது. எரித்து, உருக்கி, பிசைந்து, மறுபடி உறைந்த பாறை.

ஏலமலையின் பெரும்பகுதி சார்னோகைட் என்னும் கல். இந்தப் பெயருக்கே ஒரு கதை உண்டு. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் குடியிருப்பைத் தொடங்கிய ஜாப் சார்னோக் இறந்தபோது, அவர் கல்லறைக்குச் சென்னைப் பக்கமிருந்து, பல்லாவரம் வட்டாரத்துக் கல் போனது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து, 1893இல், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, செத்தவர் பெயரையே கல்லுக்கு வைத்தார். இன்று அண்டார்டிகாவில் அதே மாதிரிக் கல் கிடைத்தாலும் அதற்குச் சார்னோகைட் என்றுதான் பெயர். நமக்கு அது கருங்கல். ஜல்லி உடைப்போம், ஆட்டுக்கல் கொத்துவோம்.

கம்பம் பகுதிப் பாறைகள் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தைக் கண்டவை என்று அவற்றில் உள்ள கனிமங்களை வைத்துச் சொல்கிறார்கள். அது நடந்தது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அப்போது இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, அண்டார்டிகா எல்லாம் மோதி ஒட்டிக்கொண்டு கோண்ட்வானா என்னும் ஒரே நிலமாகிக்கொண்டிருந்தன. இலங்கையின் மத்திய மலைநாட்டுப் பாறையும் நம்முடைய பாறையும் ஒரே அடுப்பில் வெந்தவை. பாறை வெந்த இடம் தரைக்குக் கீழே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் ஆழத்தில்.

இந்த எண்ணைப் படித்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். முப்பது கிலோமீட்டர் ஆழத்தில் வெந்த கல் இன்று எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் கிடக்கிறது என்றால், அதன் மேல் இருந்த முப்பது கிலோமீட்டர் பாறை எங்கே? கரைந்து, மண்ணாகி, மணலாகி, கடலுக்குள் போய்விட்டது. மங்கலதேவி விளிம்பில் நின்று நாம் பார்க்கிற பள்ளம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. பார்க்க முடியாத பள்ளம் தலைக்கு மேலே இருக்கிறது. வானம் என்று நினைத்து நாம் அண்ணாந்து பார்ப்பதில் பாதி, ஒரு காலத்தில் மலையாக இருந்த இடம்.

அப்படியானால் மலை ஏன் இன்னும் நிற்கிறது? மூட்டையை இறக்க இறக்க லாரிப் பட்டை மேலே எழும்புமே, அதுபோல. மேலே பாறை கரையக் கரைய, அடியில் உள்ள பாறை மெல்ல எழும்புகிறது. நடுவில் மட்டும் ஏன் இப்படி ஒரு பள்ளம் என்றால், இந்தப் பள்ளத்தாக்கு வழியாகப் பாறையும் பாறையும் உரசி அரைபட்ட ஒரு பழைய பலவீனக் கோடு ஓடுகிறது. நிலவியலாளர்கள் அதைச் சுருளியின் பெயரால் அழைக்கிறார்கள். நொறுங்கிய கல்லை ஆறு எளிதில் தின்னும். சுருளி தின்றுகொண்டே இருந்தது. நாம் வந்து அந்தத் தட்டில் நெல் நட்டோம்.

*

எவ்வளவு வேகத்தில் மலை கரைகிறது என்பதை அளக்க ஒரு வழி இருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் தரையின் மேல் ஒன்றிரண்டு மீட்டரில் உள்ள குவார்ட்ஸ் மணலைத் தாக்கும்போது, அதில் பெரிலியம்-10 என்னும் அணு மிகச் சொற்பமாக உண்டாகிறது. வெயிலில் நின்றவன் கறுத்திருப்பதை வைத்து எவ்வளவு நேரம் நின்றான் என்று சொல்வதுபோல, ஆற்று மணலில் இருக்கும் பெரிலியத்தை வைத்து, மலை எவ்வளவு மெதுவாகக் கரைந்தது என்று சொல்லிவிடலாம். மெதுவாகக் கரைந்தால் மணல் அதிக நேரம் வெயில் காய்ந்திருக்கும்.

இலங்கை மலைநாட்டில் இப்படி அளந்திருக்கிறார்கள். மனிதக் கை அதிகம் படாத காட்டுச் சரிவுகளில், பத்து லட்சம் ஆண்டுக்கு ஐந்து முதல் முப்பது மீட்டர் வரை. அவ்வளவு மழை கொட்டும் இடத்தில் இவ்வளவு மெதுவா என்று ஆய்வாளர்களே அதைத் தனித்துக் குறிப்பிட்டார்கள். அதே அடுப்பில் வெந்த பாறை என்பதால், நம் மலைக்கும் கைக்கணக்காகப் பத்து மீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். அதாவது ஆயிரம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்.

இந்த ஒரு சென்டிமீட்டரை மனதில் வைத்துக்கொண்டுதான் எங்கள் ஊர் வரலாற்றில் மிகப் பிரபலமான ஒரு காகிதத்தைத் திரும்பப் படித்தேன்.

*

பெரியாறு சிவகிரி மலைப்பக்கம் பிறந்து, காட்டுக்குள் வடக்கே ஓடி, மேற்கே திரும்பி அரபிக்கடலுக்குப் போகிற ஆறு. கூடலூருக்கு மேலே அது நீர்ப்பிரி மேட்டுக்கு மிக அருகில் வருகிறது. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆறு சாவகாசமாக நடக்கிறது. இந்தப் பக்கம் தரை சடாரென்று பள்ளத்தாக்குக்குள் விழுகிறது. இப்படிப்பட்ட இடங்களில் செங்குத்தான பக்கத்து ஓடைகள் மேட்டைப் பின்னோக்கி அரித்துக்கொண்டே போய், ஒரு நாள் மேட்டை உடைத்து, அந்தப் பக்கத்து ஆற்றை இந்தப் பக்கம் இழுத்துக்கொள்வது உலகம் முழுக்க நடப்பதுதான். நிலவியலில் இதைச் செல்லமாக ஆற்றுத் திருட்டு என்பார்கள். அதற்குப் பல லட்சம் ஆண்டு பிடிக்கும்.

வைகைக்காரர்களால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியவில்லை. 1789இல் இராமநாதபுரம் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆட்களை அனுப்பி இந்த மேட்டைப் பார்த்துவரச் சொன்னார். செலவு தாங்காது என்று விட்டுவிட்டார்கள். 1808இல் வந்து அளந்த ஜேம்ஸ் கால்டுவெல் என்னும் கேப்டன் இது வெறும் பகற்கனவு என்று எழுதிவைத்தார். 1850இல் ஒரு சின்ன அணை தொடங்கி, காய்ச்சலில் ஆட்கள் விழ, நின்றது. பிறகு 1876 முதல் 78 வரை தாது வருஷப் பஞ்சம். மதுரை, இராமநாதபுரம் சீமைகளில் மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்த பிறகுதான் சர்க்காருக்கு அவசரம் வந்தது. 1882இல் ஜான் பென்னிகுவிக்கிடம் திட்டம் ஒப்படைக்கப்பட்டது. 1887இல் வேலை தொடங்கியது. கட்டியதை வெள்ளம் அடித்துப் போனது, மறுபடி கட்டினார்கள். சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும்தான். நானூறுக்கும் மேற்பட்டவர்கள் நோயில் மட்டும் இறந்தார்கள். 1895 அக்டோபர் 10ஆம் தேதி கவர்னர் வென்லாக் திறந்து வைத்தார். தேக்கிய நீர் மேட்டைக் குடைந்த ஏறத்தாழ 5,700 அடி சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் விழுந்தது. குமுளி மலைப்பாதையில் இரைச்சல் பாலத்தில் பஸ் திரும்பும்போது கேட்கும் சத்தம் அதுதான். பல லட்சம் ஆண்டு பிடிக்கும் திருட்டை எட்டே ஆண்டில் முடித்துவிட்டார்கள்.

நான் சொன்ன காகிதம் இதற்கெல்லாம் முன்னால் போட்டது. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் மன்னருக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடையே கையெழுத்தான குத்தகை. நீர் நிற்கும் 8,000 ஏக்கருக்கு ஏக்கருக்கு ஆண்டுக்கு ஐந்து ரூபாய். காலம் 999 ஆண்டு.

சின்ன வயதில் இந்த 999 என்ற எண்ணைக் கேட்டாலே எங்களுக்கு ஒரு தைரியம். சாகாவரம் வாங்கி வந்த மாதிரி. "இன்னும் எண்ணூறு வருசத்துக்கு மேல கெடக்குடா" என்பார்கள் டீக்கடையில். இப்போது அதைக் கிராண்ட் கேன்யன் நடைபாதையில் வைத்துப் பார்க்கிறேன். ஒரு மில்லிமீட்டர். அந்தக் குத்தகை முழுதாக முடியும்போது எங்கள் மலை ஒரு சென்டிமீட்டர் தேய்ந்திருக்கும். அணை கட்டி இத்தனை ஆண்டில் தேய்ந்தது ஒரு நாணயத்தின் தடிமன்கூட இராது.

என் தொழிலில் காலம் பற்றி எங்களுக்கு ஒரு பழைய அசட்டுத்தனம் உண்டு. 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை எண்ணி 32 பிட்டில் போட்டு வைத்தார்கள். 2038 ஜனவரி 19இல் அந்த எண் நிரம்பிவிடும். அதைச் சரிசெய்ய 64 பிட்டுக்கு மாறினோம். இப்போது 29,000 கோடி ஆண்டுக்கும் மேல் தாங்கும், பிரபஞ்சத்தின் வயதைவிடப் பல மடங்கு. ஆனால் எண் தாங்கும் என்பதால் எதுவும் தாங்கிவிடாது. அந்த எண்ணை ஓட்டும் கணினி பத்து வருடம் தாங்கினால் பெரிது. 999 என்பதும் அப்படி ஒரு பெட்டிதான். பெட்டி பெரிதாக இருப்பதால் உள்ளே இருப்பது பத்திரம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

*

மேலே போட்ட கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. பத்து லட்சம் ஆண்டுக்குப் பத்து மீட்டர் என்றால், 55 கோடி ஆண்டில் ஐந்தரை கிலோமீட்டர்தான் போயிருக்கும். முப்பது மீட்டர் என்று வைத்தாலும் பதினாறு கிலோமீட்டர். ஆனால் போனதோ முப்பது. அப்படியானால் ஏதோ ஒரு காலத்தில் மலை மிக வேகமாகக் கரைந்திருக்கிறது. இமயம்போல உயர்ந்து நின்ற நாட்களில் அது சரிந்து சரிந்து விழுந்திருக்க வேண்டும்.

சராசரியை நம்பி ஏமாந்தவர்கள் எங்கள் தொழிலில் நிறைய. சர்வர் சராசரியாக நன்றாகத்தான் வேலை செய்யும். வாடிக்கையாளர் அழுகிற அந்த ஒரு நிமிடம் சராசரிக்குள் தெரியாது. மலையும் அப்படித்தான். பத்து மீட்டர் என்பது நிதானமாக, தினமும் கொஞ்சமாக வருவதில்லை. ஆயிரம் வருடம் சும்மா இருந்துவிட்டு ஒரு ராத்திரியில் வரும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் அப்படித்தான் வந்தது. ஏலமலைக்கு வடக்கே, கிட்டத்தட்ட நம் சுவரின் மறுமுனை. தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த 70 பேர் போனார்கள். பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள், தெற்கத்திச் சீமையிலிருந்து தலைமுறைகளுக்கு முன்பு மலையேறியவர்கள். நிலவியல் கணக்கில் அது பொருட்டே இல்லாத ஒரு சரிவு. நடைபாதையின் எந்தக் குறியிலும் அது தெரியாது.

கிராண்ட் கேன்யன் விளிம்பில் நின்று திரும்புகிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே விஷயத்தைச் சொல்வார்கள்: இதன் முன்னால் நாம் எம்மாத்திரம். நானும் சொன்னேன். அப்படிச் சொல்வதில் ஒரு நிம்மதி உண்டு. வீட்டுக் கடன், அப்ரைசல் எல்லாம் சிறுத்துவிடும். மங்கலதேவி விளிம்பில் அந்த வாக்கியம் எனக்கு வாயில் வரவில்லை. கீழே தெரிந்தது என் ஊர். அந்த மில்லிமீட்டருக்குள்தான் முத்திருளப்ப பிள்ளை இருக்கிறார், காய்ச்சலில் செத்த நானூறு பேர் இருக்கிறார்கள், பெட்டிமுடி இருக்கிறது, என் தாத்தா இருக்கிறார். மில்லிமீட்டர் சின்னது என்று தள்ளிவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் கல்.

இன்னொன்றும் இருக்கிறது. அதே இலங்கை ஆய்வாளர்கள், காட்டை வெட்டி விவசாயம் செய்த சரிவுகளையும் அளந்தார்கள். அங்கே மண் போகிற வேகம் இயற்கை வேகத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல். பாறை அவசரப்படுவதில்லை, நாம்தான் அவசரப்படுத்துகிறோம். ஐப்பசி மழைக்கு எங்கள் ஓடைகளில் செங்காவியாக ஓடி வருகிற தண்ணீரைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் அதுதான் நினைவுக்கு வருகிறது. ஒரு சென்டிமீட்டர் மண் உண்டாக எத்தனை தலைமுறை, அது இறங்கிப் போக எத்தனை மழை.

அணையைப் பற்றிய சண்டையும் காலத்தைப் பற்றிய சண்டைதான். 1979இல் நீர்மட்டம் 136 அடிக்கு இறக்கப்பட்டது. 2014 மே 7ஆம் தேதித் தீர்ப்பில் 142 அடிக்கு உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அணைக்குக் கீழே அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு ராத்திரி மழை பெய்தால் தூக்கம் வராது. இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு ஜூன் வந்தும் மழை பெய்யாவிட்டால் தூக்கம் வராது. இரண்டு பயமும் உண்மை. 999 என்ற எண்ணால் இரண்டில் எதையும் ஆற்ற முடியாது. பலப்படுத்துவது, அளப்பது, மடையைத் தூர் வாருவது என்று ஒவ்வொரு வருடமும் யாராவது ஏறிப்போய்ப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எந்த மலையும் நமக்காக எதையும் தாங்கிக்கொண்டு நிற்கவில்லை.

*

அன்று இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பாதி வழியில் சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். முப்பது கிலோமீட்டர் மலை தலைக்கு மேலே இருந்தது என்றதும் நின்று அண்ணாந்து பார்த்தார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "அப்ப அப்பா சொன்னது தப்பா? மலை போகுதா?" என்றார்.

"போகுது சித்தப்பா. ஆயிரம் வருசத்துக்கு ஒரு விரக்கடை."

"சரி, அது அது வேலையப் பாக்குது" என்றபடி நடந்தார்.

இரண்டு மாதம் கழித்து போன் செய்தார். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குப் பெரியாற்றுத் தண்ணீர் திறந்தாயிற்று, நாற்றங்காலுக்கு உழவு ஓட்டப் போகிறார்கள் என்றார். பின்னணியில் வாய்க்கால் சத்தம் கேட்டது. மேலே 55 கோடி வயதுப் பாறையில் மனிதர்கள் போட்ட ஒரு துளை வழியாக வந்த தண்ணீர். தாத்தா மலையைப் பற்றிச் சொன்னது தப்புதான். தண்ணியப் பாரு என்று சொன்னது தப்பில்லை.